சுருளிவேல் இன்னும் இறங்கவில்லை

கோடைக்கோப்பை இறுதியாட்டம் முடிய இரண்டு மூச்சு நேரம் இருந்தபோது, ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்த வேட்டுவங்கரை அணிக்காக எதிராளிகள் இருவரை ஏமாற்றிவிட்டு வளையத்தை நோக்கி எழும்பிய சுருளிவேல், பந்தை வளையத்தில் போடவும் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் காலியாக நின்றிருந்த காளிதாசுக்குக் கொடுக்கவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கோ விட்டுவிட, அது யாருக்கும் சொந்தமில்லாமல் கோட்டைத் தாண்டி உருண்டுபோய்த் தண்ணீர்க் கேனில் முட்டி நின்றது, சங்கு ஊதியது, கோப்பை போனது. பந்து கீழே வந்துவிட்டது. சுருளிவேல் வரவில்லை.

வலது முழங்கால் மடங்கி, இரண்டு கையும் விரிந்து, வாய் லேசாகத் திறந்தபடி அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டான். ஊர் அதை உடனே கவனிக்கவில்லை. ஊருக்கு அதைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது. தப்பு யார் மேல் என்று முடிவு கட்டியாக வேண்டியிருந்தது.

முதலில் பார்த்தவள் அவன் மனைவி கோமதிதான். தை மாதம் சங்கரன்கோவிலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு கூடைப்பந்து ஆட்டம் பார்க்கிறாள், விதி ஒன்றும் தெரியாது. தோற்றவனை இப்படி மேலே நிறுத்திவைப்பதும் ஒரு விதியாக இருக்கும்போல என்று நினைத்து, விசில் ஊதி யாராவது இறக்கிவிடுவார்கள் என்று மரியாதையாகக் காத்திருந்தாள். கேலரி காலியாகத் தொடங்கியபோதுதான் பக்கத்திலிருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள்.

"யக்கா, அவுக எப்ப எறங்குவாவ?"

"யாரு, சுருளியா? எறங்குவான், எறங்குவான். மொதல்ல அந்தக் காளிதாசுப் பய ஏன் கையத் தூக்கலன்னு கேளு," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தன் துண்டை உதறி எடுத்துக்கொண்டு போனாள்.

வேட்டுவங்கரையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நடுவில் ஓர் ஆறு, ஆற்றுக்குக் கிழக்கே மாங்காய் மண்டிக்காரர்கள், மேற்கே நூற்பாலைக்காரர்கள், கோர்ட்டிலும் அதே வரிசையில் கிழக்கு கேலரி, மேற்கு கேலரி. மற்ற ஊர்களில் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் கை தட்டுவார்கள், விசிலடிப்பார்கள், கடலை தின்பார்கள். இந்த ஊரில் டிக்கெட் வாங்கியவன் எல்லாம் கோச். எந்தக் காலை முன்னால் வைக்க வேண்டும், எந்தத் தோளைச் சாய்க்க வேண்டும், எப்போது மூச்சு வாங்க வேண்டும் என்பது வரை உட்கார்ந்த இடத்திலிருந்து உத்தரவு வரும். கிழக்கு கேலரி எப்போதும் "போடு!" என்றுதான் கத்தும், கையில் இருக்கும் சரக்கை இன்றைய விலைக்கே தள்ளிவிட வேண்டும் என்பது மண்டிக்காரர் புத்தி. மேற்கு கேலரி எப்போதும் "குடு!" என்று கத்தும், ஆலையில் ஒரு கை விட்டதை மறு கை பிடித்தால்தான் நூல் அறாது.

தாய் தகப்பனைப் பள்ளிக்கூட வயதிலேயே தொலைத்த சுருளிவேலை வளர்த்தது இந்த இரண்டு கேலரியும்தான். அவன் காலுக்கு ஷூ கிழக்கே தவசியப்பன் மண்டியிலிருந்து வந்தது. அவன் வயிற்றுக்கு முட்டையும் பாலும் மேற்கே சைக்கிள் கடை ஜமால் ராவுத்தர் வீட்டிலிருந்து வந்தன. ஆகையால் அவனைப் பார்த்துக் கத்த இரண்டு கரைக்கும் பாத்தியதை இருந்தது, கேட்டு நடக்கிற நன்றி அவனுக்கும் இருந்தது. எந்தக் குரல் முந்துகிறதோ அதன்படி ஆடுவான், ஆடி ஜெயிப்பான், அந்தக் கரை அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும். அன்று மாலை மட்டும் இரண்டு கத்தலும் ஒரு மயிரிழைகூட முன்பின் இல்லாமல் ஒன்றாக வந்து அவன் காதில் விழுந்துவிட்டன. இதெல்லாம் கோமதிக்குப் பிறகு தெரிந்தது.

மறுநாள் ஊர் கூடி இறக்கப் பார்த்தது. தீயணைப்பு வண்டி ஏணியோடு வந்தது, நாலு பேர் ஏறிக் காலைப் பிடித்து இழுத்தார்கள், தென்னை மரத்தை இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தான். பெஞ்சின் மேல் பெஞ்சாக அடுக்கி அவன் பாதத்துக்கு அடியில் கொண்டுபோனார்கள். "கால வைடா!" என்றது கிழக்கு. "வைக்காதடா, பெஞ்சு ஆடுது!" என்றது மேற்கு. அவன் பாதம் பெஞ்சுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது. டாக்டர் ஏறி நாடி பிடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, தரை மட்டும்தான் இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினார். வண்டி திரும்பிப் போனது, ஏணி மட்டும் அங்கேயே நின்றது.

அப்புறம் ஊர் அதற்குப் பழகிப்போனது. எதற்குத்தான் பழகாது? காலைப் பயிற்சி மறுபக்கத்து வளையத்துக்கு மாறியது. கோர்ட் வாசலுக்கு ஒரு டீக்கடை வந்தது, டீக்கடைக்கு எதிரே ஒரு வடைக்கடை வந்தது, பஸ் கண்டக்டர்கள் "சுருளி ஸ்டாப் எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அவனுக்கு வேலை கொடுத்த அலுவலகம், ஆட்டக்காரர் இன்னும் ஆட்டத்தில்தான் இருக்கிறார் என்பதால் ஆன் டூட்டி போட்டது. வெளியூரிலிருந்து வந்த ஒரு கூட்டம் கம்பில் கோத்து அவன் கழுத்தில் மாலை போட்டது. கோமதி ஏணியில் ஏறி அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உயிரோடு இருக்கிற மனுசனுக்கு என்னத்துக்குய்யா மாலை என்று அழுதாள். கோர்ட்டின் வெள்ளைக் கோட்டைத் தாண்டிச் செருப்போடு வரக்கூடாது என்று அப்போது ஒருவர் அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

சாயங்காலமானால் ஆட்டம் இல்லாமலே இரண்டு கேலரியும் நிரம்பிவிடும். தீர்ப்பு இன்னும் ஆகவில்லை அல்லவா? முதல் வாரம் தப்பு கோச் எட்வின் மேல் இருந்தது, டைம் அவுட் எடுத்து ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கேடு வந்திருக்காது என்றார்கள், அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஊரைவிட்டே போனார். பிறகு காளிதாஸ் மேல் வந்தது, கையைத் தூக்காமல் பொம்மை மாதிரி நின்றான் என்றார்கள், அந்தப் பையன் வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்தினான், அவன் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள். பிறகு விளக்கு வெளிச்சத்தின் மேல் வந்தது, நடுவர் மேல் வந்தது, கடைசியில் சுற்றிச் சுற்றிக் கோமதி மேலும் வந்தது.

"இத்தன வருசம் ஆடுனானே, என்னைக்காவது பிசகுனானா? பொண்டாட்டி வந்து உக்காந்த அன்னைக்குத்தானய்யா பிசகுனான்."

அவள் ஏணியடியில் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று அதைக் கேட்டாள். அன்றைக்குப் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போனோமே, அது கண்ணில் பட்டுத்தான் கவனம் சிதறியதோ என்று அவளே நினைக்க ஆரம்பித்தாள். ஒரு சொல்லைப் பத்துப் பேர் பத்து நாள் சொன்னால் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

யார் யார் மேலோ போன தப்பு பொழுது சாயும்போது மறுபடி மேலே இருந்தவனிடமே வந்து சேரும். கழுத்தை நிமிர்த்தி அவன் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். "எழும்புறதுக்கு முன்னாடி முடிவெடுக்கணும்டா வெளங்காதவனே, எழும்பிட்டு யோசிச்சா எப்புடிரா?" அவன் எல்லோருக்கும் தலையாட்டுவான். கிழக்கே பார்த்து ஒருமுறை, மேற்கே பார்த்து ஒருமுறை.

காலையும் மாலையும் கோமதி ஏணியில் ஏறி அவனுக்கு ஊட்டினாள். முதலில் நாலு இட்லி தின்றவன், பிறகு இரண்டு என்றான், பிறகு பாதியிலேயே வாயை மூடிக்கொண்டான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஜெர்ஸி தொளதொளத்து, மடங்கிய முழங்காலில் எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அவள் ஒவ்வொரு நாளும் கெஞ்சினாள்.

"எறங்கி வாங்க. உங்களுக்கு என்னதான் தோணுது, அதையாவது சொல்லுங்க. எனக்காக எறங்கி வாங்கய்யா."

அவன் ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"அவய்ங்க என்ன சொல்றாய்ங்க?"

அவளும் பாவம், புருஷன் கேட்கிறானே என்று உள்ளதை உள்ளபடி சொல்வாள். "கெழக்க, போட்டிருக்கணும்னு சொல்லுதாவ. மேற்க, குடுத்திருக்கணும்னு சொல்லுதாவ." அவன் அதைக் கேட்டுக்கொண்டு நெற்றியைச் சுருக்கி யோசிப்பான், யோசித்துக்கொண்டே இருப்பான், அவள் ஏணியைவிட்டு இறங்கித் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்க்கும்வரைகூட யோசித்துக்கொண்டே இருப்பான்.

வைகாசி முடியும் தறுவாயில் காற்று வரத் தொடங்கியது. ஊர் இருக்கும் மலைப் பள்ளத்தாக்கில் ஆனி பிறந்துவிட்டால் கணவாயிலிருந்து இறங்கும் காற்றுக்கு முன்னால் வாழையும் நிற்காது, தகரக் கூரையும் நிற்காது. கீழே இழுத்தபோது அசையாத சுருளிவேல் காற்றுக்கு மட்டும் அசைந்தான். முதலில் கொடியில் காயும் துணியின் அளவுக்கு அசைந்தான், பிறகு ஒரு முழம் தள்ளிப்போய்த் திரும்பி வந்தான். ஒரு நாள் மத்தியானம் வளையத்தைவிட்டு ஏணிக்கு எட்டாத தூரம் போய்விட்டு மெல்லத் திரும்பி வந்ததைக் கோமதி ஏணியில் நின்று பார்த்தாள். ஆடிக் காற்று வந்தால் இந்த மனுசன் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவான் என்பது அவளுக்கு அன்று விளங்கிவிட்டது. அதற்கப்புறம் அவள் தூங்கவில்லை.

ஊருக்கும் அது விளங்கியது. கிழக்குக் கரை மண்டியிலிருந்து நல்ல தேங்காய் நார்க் கயிறு கொண்டுவந்து அவன் இடுப்பைச் சுற்றிக் கிழக்குக் கம்பத்தில் கட்டியது. மேற்குக் கரை விடுமா, ஆலையிலிருந்து நைலான் கயிறு கொண்டுவந்து மேற்குக் கம்பத்தில் கட்டியது. கிழக்கே கொஞ்சம் சாய்ந்துவிட்டான் என்று மேற்கு முறுக்கும், மேற்கே இழுத்துவிட்டார்கள் என்று கிழக்கு முறுக்கும். இரண்டு கயிறும் அவன் இடுப்புச் சதையில் இறங்கி ஜெர்ஸியில் ரத்தம் ஊறியது. அவன் வலிக்கிறது என்று சொல்லவில்லை. கோமதி காய் நறுக்கும் கத்தியோடு ஏணியில் ஏறி, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கயிற்றையும் அறுத்தாள். இந்தப் பொம்பளையாலதான் எல்லாம் என்று அப்போது இரண்டு கேலரியும் முதன்முதலாக ஒரே கருத்துக்கு வந்தன.

அவள் கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டு நேரே தவசியப்பன் மண்டிக்குப் போனாள். மாங்காய்க் குவியலுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அவர்.

"அண்ணாச்சி, ஒரு நாள், ஒரே ஒரு நாள் யாரும் எதுவும் கத்தாம இருங்க. அவுக காதுல ஒண்ணும் விழாம இருந்தா எறங்கிருவாவன்னு தோணுது."

"நாங்க எங்க தாயி கத்துறோம்?" என்று அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நல்லதச் சொல்றோம். அன்னைக்கி நாங்க சொன்னபடி போட்டிருந்தான்னா இந்நேரம் கோப்பை இங்கன இருக்கும். கத்துறது பூராம் அக்கரையில. அவய்ங்கள நிறுத்தச் சொல்லு, நாங்க வாயே தெறக்கல."

ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஜமால் ராவுத்தர் கடைக்குப் போனாள். அவர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா இப்புடிக் கேட்டுட்ட? அவன் நான் பாலூத்தி வளத்த புள்ள. அவன் கெட்டுப்போகணும்னா சொல்லுவேன்? குடுன்னுதானே சொன்னோம், குடுத்திருந்தா காளிதாசு சும்மா வச்சிருப்பான். மொதல்ல அந்த மண்டிக்காரய்ங்க வாயக் கட்டட்டும்."

திரும்பி வரும் வழியில் பாலத்தின் நடுவிலேயே கோமதி நின்றாள். அங்கேயே உட்கார்ந்தாள். கிழக்கிலிருந்து வந்த மாங்காய் லாரியும் மேற்கிலிருந்து வந்த ஆலை வேனும் அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றுபோக, ஹாரன் அடித்து ஓய்ந்து, ஆட்கள் இறங்கிக் கூடினார்கள். அவள் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"எனக்குக் கோப்பை வேண்டாம். தப்பு எம் மேலன்னே எழுதி ஒட்டுங்க, பஸ் ஸ்டாண்டுல ஒட்டுங்க, நான் மாட்டேங்கல. எனக்கு எம் புருசன் வேணும். காத்து வந்துட்டு. அவுகளக் காத்து தூக்கிட்டுப் போறதுக்குள்ள, அய்யா சாமிகளா, ஒரு சாயங்காலம் வாய மூடிக்கிட்டு இருங்க!"

அவள் அழுத அழுகையைப் பார்த்து லாரி டிரைவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்பார்கள். எப்படியோ இரண்டு கரையும் இறங்கிவந்தன. மறுநாள் சாயங்காலம், யாரும் எதுவும் பேசுவதில்லை என்று ஏற்பாடு ஆனது.

வேட்டுவங்கரை அதுவரை அப்படி ஒரு மாலையைக் கண்டதில்லை. இரண்டு கேலரியும் நிரம்பி வழிந்தன, யாரும் வாய் திறக்கவில்லை. கைக்குழந்தைகளுக்கு வாயில் சீனி வைத்திருந்தார்கள். தவசியப்பன் துண்டை வாயில் கடித்திருந்தார். ஜமால் ராவுத்தர் கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் அடுப்பை அணைத்துவிட்டார்கள், வடைச் சட்டிச் சத்தமும் நின்றது. மலைப்பக்கமிருந்து காற்று மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

மேலே இருந்தவன் முதலில் பயந்துபோனான். கிழக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான், என்ன செய்வது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று முகம் முகமாகத் தேடினான். யாரும் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து அவனது திறந்த வாய் மூடியது. மடங்கிய வலது முழங்கால் மெல்ல நீண்டது. சுருளிவேல் இறங்க ஆரம்பித்தான்.

இறகு இறங்கும் வேகத்தில்தான் இறங்கினான், ஆனால் இறங்கினான். வளையத்துக்குக் கீழே வந்தான், வலைக்குக் கீழே வந்தான், ஏணியில் பாதி உயரத்துக்கு வந்தான், ஆயிரம் பேரும் தாங்களே இறங்குவது போலப் பாதத்தை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள், கோமதி இரண்டு கையாலும் தாலியைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றாள். இன்னும் இடுப்பளவு உயரம்தான் பாக்கி. அப்போது கிழக்கு கேலரியில் யாரோ ஒருவர், கெட்ட எண்ணத்தில் அல்ல, பாசம் தாங்காமல்தான், துண்டைத் துப்பிவிட்டுச் சொல்லிவிட்டார்.

"எடது கால ஊணுடா தம்பி!"

"யோவ், வலது காலுய்யா! எடதுல அவனுக்குப் பழைய சுளுக்கு!" என்றது மேற்கு.

அவ்வளவுதான். எடது, வலது, எடது, வலது என்று இரண்டு கேலரியும் எழுந்து நின்று அலறின. அன்று மாலை முழுதும் அடக்கியதை எல்லாம் சேர்த்து அலறின. சுருளிவேல் நின்றுவிட்டான். இரண்டு காலும் அந்தரத்தில் தடுமாற, முழங்கால் மறுபடி மெல்ல மடங்கத் தொடங்க, மலையிலிருந்து வந்த பெருங்காற்று கோர்ட்டின் புழுதியை வாரிக்கொண்டு அவனை ஒரு முழம் தூக்கி ஒரு முழம் தள்ளியது.

கோமதி வாயைத் திறந்தாள், "எறங்குங்க" என்று கத்தப் போனாள். கத்தவில்லை. இத்தனை நாளும் ஏணியில் நின்று தானும் அதைத்தானே கத்தியிருக்கிறோம், இரண்டு கேலரிக்கு நடுவில் மூன்றாவது கேலரியாகத்தானே இருந்திருக்கிறோம் என்று அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வாயை மூடிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு ஓடினாள். அவனுக்கு நேர் அடியில் போய் நின்றாள். வா என்று சொல்லவில்லை, கையை நீட்டவில்லை, நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குதிகாலை உயர்த்தி, விரல் நுனியில் எழும்பி, தன் இரண்டு தோளையும் அவன் பாதத்துக்குக் கீழே கொடுத்தாள்.

ஷூ பட்டது. ஒரு தோளில் ஒன்று, மறு தோளில் மற்றொன்று. எது முதலில் பட்டது என்று இன்றைக்கும் அந்த ஊரில் சண்டை நடக்கிறது.

பிறகு கனம் இறங்கியது. எலும்பும் தோலுமாக இருந்த அந்த மனுசனுக்கு அவ்வளவு கனம் எங்கிருந்து வந்ததோ, கழுத்து உள்ளே போய்விடும்போல, முழங்கால் நொறுங்கிவிடும்போல இருந்தது. கோமதிக்கு அதைவிடச் சந்தோஷம் வாழ்க்கையில் ஏது? கனக்கிறான், கனக்கிறான் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது, கண்ணீர் வழிந்து வாயில் உப்புக் கரித்தது. அவன் கெண்டைக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"கெழக்குக் கேட்டு வழியாப் போ தாயி, வண்டி நிக்குது!" என்று கூவினார் தவசியப்பன்.

"மேற்குக் கேட்டுக்கு வாத்தா, ஆஸ்பத்திரி இந்தப் பக்கம்!" என்று கூவினார் ஜமால் ராவுத்தர்.

கெழக்கு, மேற்கு, கெழக்கு, மேற்கு. கோர்ட்டின் நடுக்கோட்டில் கோமதி நின்றுவிட்டாள். அடுத்த அடி வைக்கத் தூக்கிய வலது கால் தூக்கியபடி இருந்தது. இரண்டு பக்கமும் நல்லதைத்தான் சொல்கிறார்கள், வண்டியும் வேண்டும், ஆஸ்பத்திரியும் வேண்டும். ஊன்றியிருந்த இடது கால் தரையில் கொஞ்சம் லேசாவதை அவள் உணர்ந்தாள். தோளில் இருந்த கனமும் கொஞ்சம் குறைந்தது.

மேலிருந்து அவன் குனிந்து கேட்டான்.

"கோமதி, அவய்ங்க என்ன சொல்றாய்ங்க?"

இரண்டு கேலரியும் இடிந்துவிழும் சத்தத்துக்கு நடுவே அவள் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

சொல்லிவிட்டுக் காலை ஊன்றினாள்.